கடலையைக் கறப்பது எப்படி? சேலத்தில் வீகனாகச் சாப்பிடத் தொடங்குபவருக்கு

நேற்று நான் சாப்பிட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் நாலு இட்லி, நல்லெண்ணெயில் குழைத்த பொடி. பத்தரை மணிக்கு ஒரு வரக்காப்பி. மதியம் சோறு, கொள்ளுப் பருப்பு, ரசம், பீர்க்கங்காய்ப் பொரியல். சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன், அங்கே ஒரு தட்டுவடை செட். ராத்திரி கேழ்வரகு தோசை, வெங்காயச் சட்னி. இதில் எதையும் வீகனுக்கென்று யாரும் தனியாகச் செய்யவில்லை. ஆனால் அத்தனையும் வீகன்தான்.

கறி, மீன், முட்டையோடு பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் எல்லாவற்றையும் விடுவதுதான் வீகன். 1944ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரோடு இருந்தவர்களும் உண்டாக்கிய சொல் அது. தமிழில் நனிசைவம் என்று சிலர் எழுதுகிறார்கள், கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஐந்து ரோட்டில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து இரண்டில் எதைச் சொன்னாலும், "சுத்த சைவம்தாங்க" என்று சொல்லி நெய் ரோஸ்ட்டைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நமக்கு இருக்கும் சிக்கலே இதுதான். சாப்பாடு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதில் நாலைந்து இடத்தில் பால் ஒளிந்திருக்கிறது. அந்த நாலைந்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

நான் ஏன் விட்டேன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். ஓமலூர்ப் பக்கம் என் அம்மாயி வீட்டில் இரண்டு மாடு. மாடு கறக்க வேண்டுமென்றால் கன்று போட்டாக வேண்டும். பிறந்தது கிடாரி என்றால் வீட்டில் தங்கும், காளைக்கன்று என்றால் சந்தைக்குப் போகும். சின்ன வயதில் அப்படிப் போன ஒரு கன்றுக்கு நான் பெயர் வைத்திருந்தேன். அவ்வளவுதான். இதைச் சொல்லி உங்களை மாற்றப் பார்க்கவில்லை. மாற வேண்டும் என்று நினைத்துவிட்டவருக்குத்தான் இனி வரும் விவரம்.

முதல் வாரம் எதையும் வாங்காதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் செய்யும் தப்பு, சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடுவது. பாதாம் பால், வீகன் சீஸ், சோயாக் கறி என்று ஒரு பை நிறைய வாங்கி வருவார்கள். பில்லைப் பார்த்து வீட்டில் சண்டை வரும். சீஸ் நம் நாக்குக்குப் பிடிக்காது. பத்தாம் நாள் பழையபடி பால் காப்பி.

அதற்குப் பதிலாக ஒரு வாரம் சாப்பிடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பால் சேர்ந்ததை மட்டும் வட்டம் போடுங்கள். நம் ஊர்க்காரர் நோட்டில் பெரும்பாலும் நாலே வட்டம்தான் விழும். காப்பி டீ, தயிர், பருப்புச் சோற்றில் நெய், அப்புறம் இனிப்பு. நாலையும் ஒரே நாளில் விட வேண்டியதில்லை. எது சுலபமோ அதில் தொடங்குங்கள். என் அனுபவத்தில் நெய் மூன்று நாளில் மறந்துபோகும், காப்பிக்கு இரண்டு வாரம் ஆகும், தயிர் மாசக்கணக்கில் இழுக்கும்.

நெய் ஏன் சுலபம் என்றால், நம் பக்கம் அதன் இடத்தில் நல்லெண்ணெய் முன்பே உட்கார்ந்திருக்கிறது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைக் கொள்ளுப் பருப்புச் சோற்றில் விட்டுப் பாருங்கள். ஒரு டம்ளர் கொள்ளை ராத்திரியே ஊறப்போட்டு, குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு, தண்ணீரை வடித்து ரசத்துக்கு எடுத்து வையுங்கள். பத்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, மூன்று வரமிளகாய், ஒரு கரண்டி கொத்தமல்லி விதை, அரைக் கரண்டி சீரகம் இவற்றை வதக்கி, வெந்த கொள்ளோடு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அம்மியில் அரைக்க முடிந்தால் அதற்கு ஈடு கிடையாது. சூடான சோறு, இந்தப் பருப்பு, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். நெய் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. கொள்ளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருப்பது உபரி லாபம்.

வெண்பொங்கலுக்கு மட்டும் இந்த வித்தை முழுசாகப் பலிக்காது. தேங்காய் எண்ணெயில் மிளகு, சீரகம், முந்திரி தாளித்து, இறக்கும்போது ஒரு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் விட்டால் நன்றாகவே இருக்கும். ஆனால் அது வேறு பொங்கல். அதே பொங்கல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெயரை நம்பாதீர்கள்

பாலைத் தேடும்போது பெயர் பெரிதாக ஏமாற்றும். தேன்மிட்டாயில் தேன் கிடையாது, சர்க்கரைப் பாகுதான். பன்னீர் சோடாவில் இருப்பது ரோஜாப் பன்னீர். பட்டர் ஃப்ரூட்டில் பட்டர் இல்லை. தேங்காய்ப்பால் முறுக்கில் பால் என்பது தேங்காயின் பால்தான். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரியுருண்டை இவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மறுபக்கம் சாதுவாக இருப்பவைதான் கவிழ்க்கும். மோர் மிளகாயை மோரில் ஊறப்போட்டுத்தான் காயவைக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவே ஆறு மாசம் ஆயிற்று. அதுவரை ரசத்துக்குத் தினமும் அதைத்தான் தொட்டுக்கொண்டிருந்தேன். ரவா தோசை மாவில் சில கடைகளில் மோர் ஊற்றுவார்கள். பரோட்டா மாவில் பாலோ முட்டையோ சேர்ப்பது உண்டு. வெஜிடபிள் பிரியாணியில் தயிரும் நெய்யும் சகஜம். கேசரி, பொங்கல் பற்றிச் சொல்லவே வேண்டாம். பஞ்சாமிர்தத்தில் தேனும் நெய்யும். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் ஊரெல்லாம் கூழ் ஊற்றுவார்கள். அதில் மோர் கலந்துவிட்டார்களா என்று சொம்பை நீட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கலக்கும் முன் வாங்கினால் வெங்காயம், மாங்காயோடு பிரமாதமாக இருக்கும்.

பாக்கெட் பொருளில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது சைவம் என்பதற்கான அடையாளம், பாலும் அதற்குள் அடக்கம். வீகனுக்கு 2022ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிகளே கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் வி எழுத்தும் அதன்மேல் ஒரு சின்ன இலையும் இருக்கும் முத்திரை அதற்குத்தான். அந்த முத்திரை இன்னும் எல்லாப் பாக்கெட்டிலும் வருவதில்லை. அதனால் பின்பக்கம் பொடி எழுத்தில் பொருள் பட்டியல் முடியும் இடத்தைப் பாருங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்காக 'கன்டெயின்ஸ் மில்க்' என்று போட்டிருப்பார்கள். அது இருந்தால் வைத்துவிட வேண்டியதுதான். மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசின் எல்லாம் பாலின் வேறு வேறு பெயர்கள். பிஸ்கட்டில் பாதி இங்கேயே கழிந்துவிடும்.

கடையில் கேட்பதற்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும். "அண்ணா, பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் வேண்டாங்க, எண்ணெய் மட்டும் போதும்." ஏன் என்று கேட்டால், "ஒத்துக்கலைங்க" என்று சொல்லிவிடுங்கள். பொய்தானே என்று தோன்றலாம். மனசுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொள்கையை விளக்க ஆரம்பித்தால் தோசை ஆறிவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில் அதற்கும் நேரம் இருக்காது. பருப்பு விழுந்த கையோடு நெய்க் கிண்ணம் வந்துவிடும். இலையின் மேல் கையைக் குடை மாதிரி பிடித்துக்கொள்வது ஒன்றுதான் வழி. "நெய் வேண்டாங்க" என்று வாயைத் திறப்பதற்குள் கரண்டி சாய்ந்துவிடும். மோருக்குப் பதில் இரண்டாம் தடவை ரசம் கேளுங்கள், சந்தோஷமாக ஊற்றுவார்கள்.

தட்டுவடை செட்

வெளியூர் நண்பர்கள் யாராவது சேலத்தில் வீகனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், பேசாமல் தள்ளுவண்டிக்குக் கூட்டிப்போய்விடுவேன். அந்த அண்ணனின் கை வேகத்தைப் பார்க்கவே போகலாம். உள்ளங்கையில் பாதி அளவுள்ள தட்டுவடைகளை வரிசையாகத் தட்டில் பரப்புவார். ஒவ்வொன்றின் மேலும் பச்சைச் சட்னி ஒரு தீற்றல், சிவப்புச் சட்னி ஒரு தீற்றல். துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் கலந்து கும்பலாக வைத்திருப்பார். அதில் மூன்று விரலால் ஒரு பிடி அள்ளி வைப்பார். மேலே இன்னொரு தட்டுவடையை மூடி, லேசாக ஒரு அமுக்கு. வாங்கிய உடனே தின்றுவிட வேண்டும். இரண்டு நிமிஷம் போனால் பீட்ரூட் சாறு இறங்கி வடை நமுத்துவிடும். கேரட்டும் பீட்ரூட்டும் பச்சையாக, வெங்காயம் பச்சையாக, அரிசி மாவு வடை, இரண்டு சட்னி. சாலட் என்று சொன்னால் யாரும் தொடமாட்டார்கள், செட் என்றால் க்யூ நிற்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அதே வண்டியில் முட்டை போட்ட நொறுக்கலும் போடுவார்கள். கையையும் கரண்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்வதென்றால் தட்டுவடையைக் கடையிலேயே வாங்குங்கள். வீட்டில் சுடும்போது மாவில் வெண்ணெய் பிசைவது வழக்கம். அதற்குப் பதில் இரண்டு டம்ளர் அரிசி மாவுக்கு இரண்டு கரண்டி காய்ந்த எண்ணெய் விட்டாலும் மொறுமொறுப்பு வரும், ஆனால் எண்ணெய்ச் சட்டி முன் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். சட்னி மட்டும் வீட்டில் அரைத்தால் போதும். பத்து வரமிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, எட்டுப் பல் பூண்டு, ஒரு சின்னத் தக்காளி, உப்போடு மைய அரைத்தால் சிவப்பு. கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், எலுமிச்சை, உப்பு சேர்ந்தால் பச்சை. குழந்தைகள் பிறந்தநாளுக்கு இதை நடுவில் வைத்து அவரவரே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், கேக்கை யாரும் தேட மாட்டார்கள்.

கடலைத் தயிர்

இப்போது கஷ்டமான விஷயத்துக்கு வருவோம். தயிர் சோறு சாப்பிட்டு வளர்ந்தவருக்கு ரசத்தோடு கை கழுவுவது சாப்பிட்ட மாதிரியே இருக்காது. முந்திரியில் தயிர் செய்யலாம், சோயாவில் செய்யலாம். சேலத்தில் இருந்துகொண்டு நிலக்கடலையை விட்டுவிட்டு முந்திரிக்குப் போவதற்கு எனக்கு மனசு வரவில்லை. விலையும் ஒரு காரணம்.

முதல் தடவை செய்தபோது ஆவி பறக்கும் பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டுவிட்டேன். காலையில் திறந்தால் கடலைப் பாலில் காம்பு மிதந்துகொண்டிருந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தடவை பாலைக் காய்ச்சாமலே உறை போட்டேன். கொழகொழவென்று நூல் விட்டது, நாற்றம் தாங்காமல் செடிக்கடியில் ஊற்றினேன். மூன்றாம் தடவை அம்மாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊறிய கடலையைத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மாயி கேட்டது: "ஏன் கண்ணு, நாங்க மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்கு வெச்சுப் பால் கறக்கறோம். நீ கடலையவே கறக்கறயா?" இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியாது.

செய்முறை இதுதான். ஒரு டம்ளர் பச்சை நிலக்கடலை. சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள், இதில் தாட்சண்யம் கூடாது. எட்டு மணி நேரம் ஊறியபின் தோலைத் தேய்த்து எடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு வடித்தால் பச்சை வாடை பெரும்பாலும் போய்விடும். ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு வெண்ணெய் மாதிரி அரையுங்கள், பிறகு இன்னும் இரண்டு டம்ளர் விட்டுப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். சக்கையை எறிய வேண்டாம், அடை மாவில் கலந்தால் அடை மெத்தென்று வரும்.

பாலைச் சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். கையை எடுத்தால் அடி பிடிக்கும். கொதி வந்தபின் ஐந்து நிமிஷம். இறக்கி, சுண்டு விரலை விட்டால் சூடு தெரிய வேண்டும், ஆனால் சுடக் கூடாது என்ற பதத்துக்கு ஆறவிடுங்கள். பத்துப் பச்சை மிளகாயின் காம்பை, மேலே உள்ள பச்சைக் குல்லாயோடு கிள்ளி, கழுவி உள்ளே அமுக்குங்கள். உறை தேடி மாட்டுத் தயிரிடம் போக வேண்டாம், அந்தக் காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரே புளிக்க வைத்துவிடும். மூடி அரிசி டிரம்முக்குள் வைத்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் உறையும். மார்கழியில் பதினாறு மணி நேரம்கூட ஆகும்.

முதல் ஈடு தண்ணீராகத்தான் இருக்கும். காம்பை எடுத்துவிட்டு, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த ஈட்டுக்கு உறை ஊற்றுங்கள். இரண்டாவது, மூன்றாவது ஈடு கட்டியாக வரும். முதல் ஈட்டை மோர்க்குழம்பு வைத்துவிடுங்கள். இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கடலை வாசம் இருக்குமா? இருக்கும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து மாதுளையோ துருவிய மாங்காயோ போட்டால் அமுங்கிவிடும். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் வீகன், அதனால் ஃப்ரிட்ஜில் இரண்டு தயிர்ப் பாத்திரம். ஒருநாள் என் வீட்டுக்காரர் பாத்திரம் மாற்றி எடுத்து ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குத் தயிர் என்ன, பருப்புப் பொடி போட்ட மாதிரி இருக்கு" என்றார். குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து என் பாத்திரத்தில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட்.

ஜவ்வரிசிப் பாயசமும் சுட்ட தேங்காயும்

வீகன் என்றால் அசலுக்குப் பதில் போலியைத் தின்பது என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்பவர்களிடம் சேலத்து ஜவ்வரிசியின் கதையைச் சொல்லுங்கள். ஜவ்வரிசி முதலில் தென்கிழக்காசியாவில் ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் அங்கிருந்து சரக்கு வருவது நின்றுபோனபோது, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவை உருட்டி ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். நம் பக்கம் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். மாற்றாக வந்ததுதான் அசலாக நின்றது. 1981ல் அதற்கென்று சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு வந்தது, 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

கடையில் மாவு ஜவ்வரிசி என்று கேளுங்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருப்பது நைலான் ஜவ்வரிசி, பாயசம் வைத்தால் அந்தக் குழைவு வராது. அரை டம்ளர் மாவு ஜவ்வரிசியை வெறும் வாணலியில் லேசாகப் பொரியும்வரை வறுத்து, அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு தேங்காயைத் துருவி, முதல் பால் கெட்டியாக ஒரு டம்ளர், இரண்டாம் பால் இரண்டு டம்ளர் எடுங்கள். இரண்டாம் பாலில் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து ஜவ்வரிசியை வேகவையுங்கள். மணி கண்ணாடியாகி நடுவில் மட்டும் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போது அடுப்பை அணைத்துவிடலாம், மிச்சம் சூட்டிலேயே வெந்துவிடும். முக்கால் டம்ளர் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். மாட்டுப் பாலில் சூட்டோடு வெல்லம் விட்டால் திரியுமே என்ற பயம் இங்கே தேவையில்லை. ஆனால் முதல் பாலை விட்டபின் மறுபடி கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து திப்பி திப்பியாகிவிடும். கொஞ்சம் ஆறியபின் கடைசியாக விட்டு, ஏலக்காயும் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் தூவி, தேங்காய் எண்ணெயில் வறுத்த முந்திரியைப் போடுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஆடி ஒன்றாம் தேதி சுடும் தேங்காய். சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது என்று ஐதீகம். தேங்காயின் நாரைச் சுத்தமாக உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். ஒரு கண்ணைக் குடைந்து தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு, வறுத்த எள், பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, அவல், பொடித்த வெல்லம் இவற்றைக் குச்சியால் இடித்து இடித்து உள்ளே இறக்க வேண்டும். முழுக்க அடைக்கக் கூடாது, பருப்பு ஊதுவதற்கு இடம் வேண்டும். எடுத்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, கூராக்கி மஞ்சள் பூசிய அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் செருகி அடைத்துவிட்டு, தெருவில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து சுடுவோம்.

குச்சியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஓடு கறுக்கும். பிறகு சொட்டுச் சொட்டாக எண்ணெய் கசியும். 'டப்' என்று ஓடு விரிசல் விடும் சத்தமும் வெல்லம் கருகும் வாசமும் சேர்ந்து வந்தால் பதம். பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைத்தால், தேங்காயின் உள்சுவரில் பருப்பும் வெல்லமும் ஒட்டிக்கொண்டு, புகை வாசத்தோடு இருக்கும். இதில் ஒரு சொட்டு நெய் கிடையாது. எந்த பேக்கரியிலும் இதற்கு இணையாக ஒன்றை நான் தின்றதில்லை. ஆடிக்குக் காத்திருக்க முடியாதவர்கள் மாடியில் நாலு செங்கல் வைத்துச் சுட்டுக்கொள்ளலாம், அரை மணி நேரம் போதும்.

சித்திரை, வைகாசி என்றால் அடுப்பே வேண்டாம். மல்கோவாவோ இமாம்பசந்தோ இரண்டு பழம், அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், மிக்சியில் ஒரு சுற்று, ஃப்ரீசரில் நாலு மணி நேரம். நடுவில் ஒரு தடவை எடுத்து மறுபடி அடித்தால் ஐஸ்கட்டி கட்டாது.

மருந்துக் கடைக்கு ஒரு நடை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போய்விடாதீர்கள். பி12 வைட்டமின் செடிகொடியிலிருந்து நம்பகமாகக் கிடைக்காது. சைவக்காரர்களுக்கு அது பாலிலிருந்து வருகிறது, அதையும் நாம் விட்டுவிடுகிறோம். அதனால் தொடங்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். சுருள்பாசி தின்றால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதில் இருப்பது உடம்புக்கு உதவாத போலி பி12. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

சுண்ணாம்புச் சத்துக்கு அவ்வளவு பயம் வேண்டாம். 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருந்தால், 100 கிராம் கேழ்வரகில் 300க்கு மேல். களியோ தோசையோ அடையோ, தினம் ஒரு வேளை கேழ்வரகு. கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது கெட்டுவிடும்.

காய்கறிக்கு உழவர் சந்தையே போதும். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி, எது வீட்டுக்குப் பக்கமோ அது. விடிந்ததும் போனால் கீரை ஈரத்தோடு கிடைக்கும். குச்சிக்கிழங்கு வாங்கினால் நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதில் கசப்பு விஷம் இறங்கியிருக்கும்.

மலைக்குப் போனால்

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் முன்பு வயிற்றில் ஏதாவது போட்டுக்கொள்வது நல்லது, ஆனால் இட்லிக்கு மேல் வேண்டாம். மேலே ஏரிப் பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி கடைகள் உண்டு. கடலை மாவும் மிளகாயும்தான், சந்தேகமில்லை. அதே எண்ணெயில் முட்டை போண்டாவும் வேகும், அதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நான் கேட்பதில்லை, சாப்பிட்டுவிடுவேன். வீட்டுச் சாக்லேட் என்று விற்பதில் பால் பவுடர் இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

மலையில் வாங்கிவர வேண்டியவை மூன்று. மிளகு ஒன்று, எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறி நிற்பது. கீழே வந்து ஒரு பலாப்பிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள், இல்லையென்றால் பால் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகாது. மஞ்சள், உப்புப் போட்டு வேகவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை வதக்கி அதில் பிரட்டி, அன்றைக்குப் பொடித்த மிளகை இரண்டு கரண்டி தூவி நல்லெண்ணெயில் சுருள வறுத்தால், கறி சாப்பிடுகிற விருந்தாளிகளும் கரண்டியைக் கீழே வைக்க மாட்டார்கள். இரண்டாவது சீசனில் கிடைக்கும் பட்டர் ஃப்ரூட். ஒரு பழம், இரண்டு கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு டம்ளர் தேங்காய்ப்பால், அடித்துக் குடித்தால் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம்.

மூன்றாவது காப்பி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலேயே சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்துவிட்டது. இவ்வளவு வருஷம் காப்பி விளைகிற மலையில் பால் இல்லாத காப்பி கேட்டால் ஒருமாதிரி பார்க்கிறார்கள். ஒரு கடையில் "பால் வேண்டாங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். டிகாஷனை ஊற்றிய கை, பழக்கத்தில் அப்படியே பால் பாத்திரத்துக்குப் போய்விட்டது. "அடடா, மறந்துட்டனுங்க" என்று சிரித்துவிட்டு வேறு டம்ளர் போட்டுக் கொடுத்தார். அதனால் நான் இப்போது பொடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

வீட்டில் கலக்கும்போது தேங்காயின் இரண்டாம் பால் எடுத்துக்கொள்ளுங்கள், முதல் பால் காப்பியை அமுக்கிவிடும். பாலைக் கொதிக்கவிடாமல், ஓரத்தில் ஆவி கிளம்பும்வரை மட்டும் சுடவையுங்கள். டிகாஷனை இறக்கி இரண்டு நிமிஷம் ஆறவிட்டு, பாலில் டிகாஷனை மெல்ல ஊற்றுங்கள். டிகாஷனில் பாலை ஊற்றினால் அதன் புளிப்பில் திரிந்துவிடும். கருப்பட்டி போடுவதென்றால் டிகாஷனிலேயே கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். முதல் நாலைந்து நாள் தேங்காய் வாசம் தூக்கலாகத் தெரியும். அந்த நாட்களில் சாயங்காலம் சைக்கிளில் வரும் சுக்குக் காப்பியைக் குடித்துச் சமாளித்துக்கொள்ளலாம், அதில் எப்போதுமே பால் கிடையாது.